கங்கையின் முதல் யாது?

ஆற்றின் முடிவைக் காண்பார்க்கு அதன் முதலை அறியும் வேட்கை இயல்பாகவே எழும். திருக்கோணமலை அன்புவழிபுரத்து வாழும் யாம், மத்திய மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலிகங்கை கொட்டியாரக்குடாவிற் கடலொடு கலத்தலை அறிவோம். அப்பெயரைக் கேட்கும் மாணாக்கன், “இமயத்துக் கங்கை எங்கே பிறக்கின்றது?” என்று வினவின், சைவாசிரியர் கூறத்தக்க விடை யாது?

பூமிசாஸ்திர வகுப்பிலே, கங்கோத்திரிப் பனியாற்றின் முகமாகிய கோமுகத்திற் பாகீரதி தோன்றுகின்றது என்றும், தேவப்பிரயாகையில் அளகநந்தையொடு கூடிய பின்னரே கங்கையெனப் பெயர் பெறுகின்றது என்றும், நீர்மிகுதியால் அளகநந்தையே பெரிது என்றும் கூறுகின்றோம். சமயபாட வகுப்பிலே, பகீரதன் தவத்தால் இறங்கிய கங்கையைச் சிவபெருமான் சடையில் ஏற்றருளினார் என்கின்றோம். இவற்றுள் ஒன்று பொய்யாதல் வேண்டுமென்று கருதி, பனியைச் சொல்லிப் புராணத்தை நகைப்பாரும் உளர். புராணத்தைக் காக்கவேண்டிப் பனியை மறைப்பாரும் உளர். இருவரும் பிழைபட்டாரே.

என்னை? நமது சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங் கூறும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே கங்கைக்குப் பனியும் மழையும் முதற்காரணம், வெயிலும் மலைச்சரிவும் துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணன். பூமிசாஸ்திரம் முன்னைய இரண்டையும் ஆராயும். தாங்கலாகா வேகத்தை உலகு தாங்கும் அளவினதாக்கிய திருவருளைச் சடையின்மேல் வைத்துப் புராணம் உணர்த்தும். மண்ணை ஆராய்ந்தவன் குயவன் இலன் என்றல் கூடாது. குயவனைப் போற்றுவோன் மண் இல்லை என்றலுங் கூடாது.

அற்றேல், கங்கோத்திரிப் பனியாறு 1935 ஆம் ஆண்டு தொடங்கி ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேற் பின்வாங்கியுளதே, இறைவன் சடையும் வறளுமோ எனின், வறளாது. முதற்காரணங் குறையிற் காரியங் குறையும், நிமித்தகாரணன் குறைவதிலன். பனியை உருக்கும் வெப்பத்தை மிகுவித்தது மனிதர் எழுப்பிய புகை. ஆதலின், “கங்கை தெய்வநதி, அதற்குக் கேடில்லை” என்று மாணாக்கர்க்குக் கற்பித்தல் பக்தியன்று, நமது கடமையை இறைவன்மேல் ஏற்றிவிட்டு அகலுதலேயாம்.

ஆசிரியர்காள், இரண்டு வகுப்பிலும் ஒரே வாய்மையோடு விடை கூறுக. பனியை மறைத்த ஆசிரியரது பொய்யை மாணாக்கன் ஒருநாள் அறிவான். அறிந்த அன்றே, அவர் கூறிய சிவத்தையும் ஐயுறுவான். சைவத்துக்கு இதனின் மிக்க கேடு வேறில்லை.