அமைதி எனப்படுவது யாது?

ஆங்கில நாட்டுச் சிற்றூர் என்றதும், ஆங்கில இலக்கியம் பயின்றோர் உள்ளத்திலே ஓர் ஓவியம் எழும். கூரை வேய்ந்த குடில்கள், கல்லால் எழுந்த பழைய மாதாகோயில், பசும்புல் வெளி, சிற்றோடை! ஆரவாரமில்லை, அவசரமில்லை. அங்குச் சென்று வாழ்வதன்றோ வாழ்வு என்று ஏங்குவோர் உளர். அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. உழைத்துக் களைத்தவன் அமைதி நாடுவது இயல்பு. அவனுக்கு அது உரிமையுங்கூட. எனினும் வினா ஒன்று உண்டு. ஊர் அமைதியாக இருக்கிறதே, அது நிறைவு தந்த அமைதியா, அச்சம் தந்த அமைதியா?

விடை தேடி டால்படில் செல்வோம். இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்திலே உள்ள சின்னஞ்சிறு ஊர் அது. 1830-களின் தொடக்கத்திலே அங்கு உழவுத் தொழிலாளியின் வாரக்கூலி 9 ஷில்லிங். அது 8 ஆயிற்று. பின்னர் 7 ஆயிற்று. இனி 6 தான் என்றனர் நிலமுடையோர். குடும்பம் உண்பது எங்ஙனம்? உடுப்பது எங்ஙனம்? அப்போதும் ஊர் அமைதியாகத்தான் இருந்தது! மணி ஒலித்தது, ஓடை ஓடிற்று, மாலை வெயில் கூரைமீது பொன் பூசிற்று. அவ்வழி சென்ற செல்வன் எவனேனும் கண்டிருந்தால், எத்துணை இனிய ஊர் என்று வியந்திருப்பான். பசித்தவன் வாய் மூடிக் கிடந்தான். பார்த்தவன் அதற்குப் பண்பாடு எனப் பெயரிட்டான்.

1833-ஆம் ஆண்டு, ஜார்ஜ் லவ்லெஸ் என்ற தொழிலாளியும் அவருடைய தோழர்களும் சங்கம் கண்டனர். வைக்கோற்போரைக் கொளுத்தினரா? இல்லை. வாளெடுத்தனரா? அதுவும் இல்லை. ஒன்றுபட்டு நிற்போம், சங்கத்தின் செய்தியை வெளியிடோம் என்று உறுதிமொழி பூண்டனர். அவ்வளவே! சங்கம் அமைப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1824-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, கடற்படைக் கலகத்தை ஒட்டி 1797-இல் பிறந்த சட்டமொன்றைத் தோண்டி எடுத்தனர் ஆள்வோர். மறைவாக உறுதிமொழி ஏற்றது குற்றமாம்! அண்ணன் தம்பி இருவர், தந்தை மகன் இருவர், இன்னும் இருவர், ஆக அறுவருக்கும் 1834 மார்ச்சிலே ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை. ஆறு குடும்பங்களின் அழுகுரலுக்கு மேலே ஊரின் 'அமைதி' காக்கப்பட்டது.

நாடு கொதித்தது. இலண்டன் நகரிலே மாபெரும் ஊர்வலம் நடந்தது. 1836-இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியா சென்ற அறுவரும் திரும்பினர். ஆனால் அவர்களுள் ஐவர் பின்னர் கனடாவிலே குடியேறினர். டால்படிலுக்கே மீண்டு வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹாமெட் ஒருவரே. அவரும் 1891-இல் ஏழையர் விடுதியிலே கண்மூடினார். ஊருக்காக வாய் திறந்தவர்க்கு ஊரின் நிழலிலே முதுமையைக் கழிக்கும் வாய்ப்பு அமையவில்லை!

பழங்கதையை ஏன் கிளறுகிறீர், இன்று அங்கு வாழ்வோர் நிம்மதியாக இருக்கட்டுமே என்பர் சிலர். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்! பழைய கட்டடங்களை மனம்போல் இடித்து மாற்றாதிருக்க அந்நாட்டிலே சட்டம் உண்டு. கூரையைக் காக்கச் சட்டம் வேண்டுமெனில், கூரையின்கீழ்ப் பசித்துக் கிடந்தவன் நினைவைக் காக்க நெஞ்சம் வேண்டாவா? அங்குள்ள பல சிற்றூர்களிலே, அன்று உழவன் குடியிருந்த குடில் இன்று செல்வரின் விடுமுறை இல்லம். அவ்வூரிலே பிறந்த இளைஞனோ விலை கொடுக்க இயலாமல் வெளியேறுகிறான். அங்கும் அமைதி உண்டு, விளக்கெரியாத வீட்டின் அமைதி!

டால்படில் மறக்கவில்லை. அறுவரும் கூடிய இடமெனச் சொல்லப்படும் முதுமரம் இன்றும் நிற்கிறது. 1934-இல் தொழிற்சங்கப் பேரவை அங்கு ஆறு வீடுகள் எழுப்பிற்று. உழைத்து ஓய்ந்த உழவுத் தொழிலாளர் குடியிருப்பதற்காக! ஹாமெட்டுக்குக் கிட்டாத அமைதி, அவர் வழிவந்த உழைப்பாளிக்குக் கிட்டிற்று. ஆண்டுதோறும் ஜூலையிலே கொடியும் பாட்டுமாக அவ்வூர் முழங்குகிறது. அந்த முழக்கத்தால் அதன் அழகு குன்றிவிடவில்லை.

ஓசையின்மையை வைத்து அமைதியை அளவிடலாகாது. ஊரின் கடையெல்லையில் வாழ்பவன், பகலிலே தன் குறையை உரக்கச் சொல்லிவிட்டு, இரவிலே தன் வீட்டில் அச்சமின்றி உறங்க முடிகிறதா? முடியுமெனில், அதுவே அமைதி.