பதனிடுதலும் பழக்குதலும்

நாம் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களின் வரிசை நீளமானது. குழந்தை, மாணவன், வேலைக்காரன், கடைசியில் நாய். மற்றவர்கள் எதிர்த்துப் பேசிவிடக்கூடும், நாய் பேசாது. ஆகையால், ஒருவருடைய அதிகாரத்தின் குணத்தை அறிய வேண்டுமானால், அவர் நாயைப் பழக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஜாக் ரஸ்ஸல் டெரியர் இனத்துக் குட்டி ஒன்றை வளர்க்கிறார். முழங்கால் உயரங்கூட இல்லை. "உட்கார்" என்றால் ஓடும். "வா" என்றால் தோட்டத்து எலி வளையைத் தோண்டும்.

"எவ்வளவு முரட்டுத் தோலையும் பட்டுப்போல ஆக்கிவிடுகிறோம், சார். இந்தப் பொடியனைப் பதப்படுத்த முடியவில்லையே!" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

தோலை ஊற வைக்கிறார்கள். சுண்ணாம்பில் இட்டு மயிரை நீக்குகிறார்கள். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதன் தந்தன. இப்போது பெரும்பாலும் சுழலும் டிரம்களில் குரோமிய உப்பு. இத்தனை கட்டங்களிலும் தோல் ஒரு தரமேனும் மறுப்பதில்லை. மறுக்கக்கூடிய உயிர் முன்பே போய்விட்டது. குறையற்ற பணிவுதான், ஆனால் செத்த பொருளின் பணிவு.

டெரியரின் கதை வேறு. மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழியில் வந்த இனம். நரியின் வளைக்குள் நுழைந்து, அதை வெளியே விரட்டுவது அதன் தொழில். அந்த இருட்டுக்குள் எஜமானின் கை எட்டாது. தானே முடிவு செய்யத் தெரிந்த நாய்தான் அங்கே பயன்படும். அப்படிப்பட்டதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவன் மனிதன். வளர்த்துவிட்டு, "சுயபுத்திப்படி நடக்கிறதே" என்று பிரம்பை எடுப்பது எந்த ஊர் நியாயம்?

பிரம்புக்குப் பலன் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு; நாய் உட்காரும். பயந்து உட்கார்ந்த நாயும் நம்பி உட்கார்ந்த நாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் போர்ச்சுகலில் 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு, தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் மனக்கலக்கத்தின் அறிகுறிகள் அதிகம் என்கிறது. அது உமிழ்நீரிலேயே தெரிந்ததாம்.

வெளித்தோற்றத்தைக் கண்டு பணிவு என்று நம்புவதன் ஆபத்துக்கு வேலூர்க் கோட்டை சாட்சி. சிப்பாய்களை நாயோடு ஒப்பிடவில்லை. ஆணையிடுகிறவனின் குருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். சமயக் குறிகள் கூடாது, தோலால் செய்த சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. கசையடியோடு விஷயம் தீர்ந்தது என்று அதிகாரிகள் எண்ணினார்கள். 1806 ஜூலை 10, விடியுமுன்னே கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்த மௌனத்தைப் பணிவு என்று படித்தது பெரும் பிழை.

அப்படியானால் நாயை அதன் போக்கில் விட்டுவிடலாமா? கூடாது. ஆம்பூரை ஒட்டிச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. லாரி வரும் நேரத்தில் "வா" என்றால் அது வந்தே தீர வேண்டும். அடி வாங்கிய நாய் அந்தக் குரலைக் கேட்டு இன்னும் தூரம் ஓடக்கூடும். அந்தச் சொல்லில் நல்லதையே கண்ட நாய் திரும்பும்.

அதற்கு வழி உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். கீழ்ப்படிந்த கணமே ஒரு துண்டு இறைச்சி தர வேண்டும். ஐந்து நிமிஷம் போதும். அலுக்குமுன் நிறுத்திவிட வேண்டும். திட்டுவதற்காக "வா" என்று ஒருபோதும் அழைக்கக் கூடாது. தோண்டுவதற்குத் தோட்டத்தில் ஒரு மூலையையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கவனித்தீர்களா? விதிகள் அனைத்தும் மனிதனுக்கே. பொறுமையும், சொன்ன சொல் மாறாமையும் முதலில் அவனுக்கு வர வேண்டும். நாய் பிறகு தானே பழகும். மறுக்க முடிந்த ஓர் உயிர் நம் குரலை நம்பித் திரும்பி வருவதையே பணிவு என்று சொல்லலாம். மற்றதெல்லாம் தோல் மண்டிச் சரக்கு.