நடுவே அரைக் கிலோ

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ஒரு சின்னச் சோதனை உண்டு. சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியைக் குழல் வானம் பார்க்க நிமிர்த்திப் பிடிப்பார்கள். 500 கிராம் எடைக்கல்லின் கொக்கியை டிரிகரில் மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். கல் மேசையை விட்டு எழும்பிய பிறகும் டிரிகர் விடுபடாமல் நின்றால் துப்பாக்கி தேறிவிட்டது. போட்டி முடிந்த பிறகும் திடீரென்று யாரையாவது அழைத்துச் சோதிப்பார்கள். அப்போது தேறாவிட்டால் அதுவரை அடித்த புள்ளிகள் அத்தனையும் போய்விடும்.

ஏர் ரைஃபிளுக்கு இந்த வரம்பு கிடையாது. கடலூரில் பிறந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கையில் இருக்கும் ரைஃபிளின் டிரிகரை எவ்வளவு இலேசாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கும் பிஸ்டலுக்கு மட்டும் அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி. அதற்குப் பாதுகாப்பு, நியாயம் என்று காரணங்கள் சொல்லலாம். நான் அதைப் படித்தபோது எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் நடுவே இவ்வளவாவது கனம் இருக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு சட்டமே போட்டு வைத்திருக்கிறதே!

வாய்தவறி விழுந்த சொற்களை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நினைப்புக்கும் நாக்குக்கும் நடுவே எடையே இருந்திருக்காது. காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிட உட்காராத பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். பசிக்கும் சோற்றுக்கும் நடுவே அவர்கள் வைத்த எடை அந்த ஒரு பிடி. மௌனம், நோன்பு, ஜபமாலை எல்லாமே இந்த வகைதான். ஆசையை இவை அழிப்பதில்லை. அது செயலாக மாறும் வழியில் கொஞ்சம் கனத்தை மட்டும் ஏற்றி வைக்கின்றன. ஆன்மிகம் என்றாலே எல்லாம் இலேசாகிவிடும் என்று பேசுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அரைக் கிலோவைக் குறைக்க முடியாது. ஆனால் அதை எப்படிப் பிரித்து வைப்பது என்பது சுடுகிறவர் இஷ்டம். பிஸ்டல் டிரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். விரலை வைத்து அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் ஒரே சீராகப் பின்னால் வரும். பிறகு சுவரில் முட்டியதுபோல் ஓர் இடத்தில் நிற்கும். அதற்கப்பால் துளி அழுத்தம் சேர்ந்தால் உள்ளே பற்றிக்கொண்டிருக்கும் எஃகு விளிம்புகள் நழுவி, காற்று விடுபட்டு, ரவை பறக்கும். எடையில் பெரும்பங்கை முதல் கட்டத்தில் ஏற்றி, சிறுபங்கை இரண்டாவதில் வைப்பவர்கள் உண்டு. கை துப்பாக்கியைத் தூக்கி இலக்குக்கு இறக்குவதற்குள் கனத்தில் முக்கால்வாசியை விரல் வாங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைச் சரிசெய்யக் குட்டிக் குட்டித் திருகுகள் இருக்கின்றன. முதல் கட்டத்தின் நீளத்துக்கு ஒன்று, அதன் எடைக்கு ஒன்று, இரண்டாம் கட்ட எடைக்கு ஒன்று, ரவை போன பிறகு டிரிகர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒன்று. டிரிகரையே முன்னும் பின்னும் நகர்த்தவும் வழி உண்டு. ஆலன் கீயை மாட்டிக் கால் திருப்பு திருப்ப வேண்டும், ரவை இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை இழுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி கால் திருப்பு. அவசரப்பட்டால் எந்தத் திருகு எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும். விரல் நுனியின் சதைப்பகுதி டிரிகரில் படிந்து, நேர் பின்னால் வர வேண்டும். டிரிகர் கைக்கு மிக அருகில் இருந்தால் விரல் அதைப் பக்கவாட்டில் தள்ளும், எட்டாமல் இருந்தால் மணிக்கட்டையும் சேர்த்து இழுக்கும்.

செய்யாறு நகரிலிருந்து ஆரணிப் பக்கம் போனால் இதே பொறுமையைத் தறிக்குழியில் பார்க்கலாம். பாவை அதிகம் இறுக்கினால் பட்டிழை அறுந்துவிடும், தளர விட்டால் ஊடை சரியாக உட்காராது. இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் இருக்கிறது. அதை எந்த அளவுகோலிலும் எழுதி வைக்கவில்லை. நெசவாளி பாவின் மேல் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுவார். பிறகுதான் நாடா ஓடும்.

இத்தனை சிரத்தை எதற்கு? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பிஸ்டலின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். விரல் இழுத்த இழுப்பில் முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் போதும், பத்து மீட்டர் தள்ளி ரவை கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் விலகிப் போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே 11.5 மில்லிமீட்டர்தான். பத்தாக வேண்டியது ஏழாகிவிடும். ஆனால் இரண்டு குறிகளும் ஒன்றுக்கொன்று விலகாமல், கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கிலும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதாவது நடுங்குவது பெரிய குற்றமில்லை, கோணுவதுதான் குற்றம். மனத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று நான் நம்புகிறேன். ஆடாத மனம் யாருக்கு வாய்த்தது?

கை ஆடத்தான் செய்யும். உலகத் தரத்துச் சுடுநர் கையும் ஆடும். கறுப்பு வட்டத்துக்குக் கீழே முன் குறி மிதந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர், அது சரியான இடத்துக்கு வரும் கணத்துக்காகக் காத்திருந்து ‘இதோ’ என்று வெடுக்கென்று இழுப்பார். ரவை எங்கேயோ போகும். தேர்ந்தவர் அந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார். பார்வை முன் குறியில் நிலைக்க, விரல் சீராகக் கனத்தை வாங்கிக்கொண்டே போகிறது. எந்த நொடியில் வெடிக்கும் என்று அவருக்கே தெரியாது. சுட்ட பிறகும் கையை உடனே இறக்காமல் ஓரிரு நொடி அப்படியே நிற்பார். எங்கே பட்டது என்று பக்கத்துத் திரையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் ஜப்பானிய வில்வித்தையையும் ஜென்னையும் கொண்டுவருவது கட்டுரை எழுதுகிறவர்களின் வழக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம் போதும், பிறகு நம் திருவோத்தூர்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். ஜஜ்ஜர் மாவட்டத்துக் கோரியா கிராமத்தின் மனு பாக்கருக்கு அப்போது 19 வயது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். நடுவிலேயே துப்பாக்கி பழுதானது. நெம்புகோல் உடைந்துவிட்டது. இடத்தை விட்டு இறங்கி, சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் நேரம் கரைந்தது. மிச்சமிருந்ததை அவசரத்தில் சுட்டு முடித்தபோது 575 புள்ளி, 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. திருகுகளைச் சரிபார்த்து, விரலைப் பழக்கி, தன் கையில் இருந்ததையெல்லாம் செய்து முடித்தவருக்கு ஓர் இரும்புத் துண்டு இப்படிச் செய்தது.

மூன்று ஆண்டு கழித்து, 2024 ஜூலை 28, பாரிஸ். அதே போட்டியின் இறுதிச் சுற்று. 221.7 புள்ளியோடு வெண்கலம். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 0.1 கூடுதலாக எடுத்திருந்தால் தென்கொரியாவின் கிம் யே-ஜியைச் சமன் செய்திருப்பார். அந்தக் கடைசி நிமிடங்களில் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டார்கள். கீதை நிறையப் படித்ததாகவும், செய்ய வேண்டியதில் கவனம் வை, முடிவை உன்னால் ஆள முடியாது என்று கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். இதைப் பலர் வெற்றிபெற்றவரின் வழக்கமான பேச்சு என்று கடந்துவிட்டார்கள். டோக்கியோவை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் அப்படித் தோன்றாது. முடிவு கையில் இல்லை என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உடைந்த நெம்புகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றே தெரிந்துகொண்டுவிட்டார்.

செய்யாறு நகரின் பழம்பெயர்களில் ஒன்று திருவோத்தூர். வேதபுரீசுவரர் கோயில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. தலமரம் பனை. அதன் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சிவனடியார் ஒருவர் இறைவனுக்கென்று பனைகளை நட்டு வளர்த்தார். எல்லாம் ஆண் பனையாகிப் போயின. ஊரில் சமணர்கள் கேலி பேசினார்கள். அங்கே வந்த திருஞானசம்பந்தரிடம் முறையிட்டார். சம்பந்தர் பதிகம் பாட, ஆண் பனைகள் குலை தள்ளின.

இந்தக் கதையை அற்புதமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அந்த அற்புதத்துக்கு முந்தைய ஆண்டுகளில் நின்றுவிடுகிறேன். பனங்கொட்டையை நடும்போது அது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. முளைத்தாலும் தெரியாது, ஆள் உயரம் வளர்ந்தாலும் தெரியாது. முதல் பாளை வெளியே வந்தால்தான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அத்தனை ஆண்டும் அவர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி கட்டிக் காத்திருக்கிறார். இழுத்த விசைக்கு வெடி கேட்க ஒரு நொடி ஆகும் என்றால், இவருக்கு அந்த நொடி பதினைந்து ஆண்டு நீண்டது.

சம்பந்தர் அந்த ஊருக்கு வராமலே போயிருந்தால் அந்த அடியார் என்ன செய்திருப்பார்? மரங்களை வெட்டியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆண் பனையிலும் பாளை சீவினால் பதநீர் இறங்கும். ஓலை எந்தப் பனையிலும் ஒன்றுதான், திருவிழாப் பந்தலுக்கு ஆகும். நுங்கு மட்டும்தான் கிடைத்திருக்காது.