சுங்கம் தவிர்த்தவனும் வரி தவிர்ப்பவரும்

சோழப் பேரரசை ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குப் பட்டங்கள் பல உண்டு. ஆயினும் தமிழர் நெஞ்சில் நிலைத்து நின்றது ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பட்டமே. வழியெங்கும் வணிகரை நிறுத்தி வாங்கிய சுங்கத்தை நீக்கிய அம்மன்னனை நாடு நன்றியோடு நினைவில் வைத்துக்கொண்டது.

இன்று நம் மும்பை மாநகரில் அதே சொல் வேறொரு பொருளில் வழங்குகிறது. ஆண்டுதோறும் சனவரி பிறந்துவிட்டால் போதும். மின்தொடர் வண்டியிலும், அலுவலக உணவு அறையிலும், மாட்டுங்காவின் காப்பிக் கடைகளிலும் வரி தவிர்ப்பதைப் பற்றிய பேச்சே ஓங்கி ஒலிக்கும். எந்த வழியில் தவிர்க்கலாம், எவர் எவ்வளவு தவிர்த்தார், எந்தக் கணக்காளர் கெட்டிக்காரர் என்றெல்லாம் ஆராய்ச்சி நடைபெறும். குலோத்துங்கன் தவிர்த்ததும் தவிர்ப்பு. நாம் தவிர்ப்பதும் தவிர்ப்பு. இரண்டும் ஒன்றாகுமா? சட்டம் தடுக்காத ஒரு செயலை அறமும் தடுப்பதில்லை என்று நாம் அமைதி கொள்ளலாமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மூவகைச் செயல்கள்

முதற்கண் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். வருமானத்தை மறைப்பதும் பொய்க் கணக்கு எழுதுவதும் வரி ஏய்ப்பு. அது குற்றம், அதைப் பற்றி விவாதத்துக்கே இடமில்லை. வருங்கால வைப்பு நிதியில் பணம் போடுவோர்க்கும், ஆயுள் காப்பீடு செய்வோர்க்கும் பழைய வரி முறையில் அளிக்கப்படும் கழிவைப் பெறுவது இரண்டாம் வகை. மக்கள் சேமிக்க வேண்டும் என்று விரும்பி அரசே திறந்து வைத்த வாயில் அது. அவ்வழியே நுழைபவர் எவரையும் ஏமாற்றவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வகை ஒன்று உண்டு. வாயிலும் அன்று, சுவரை இடித்த துளையும் அன்று. கட்டியவர் கவனிக்காமல் விட்ட இடுக்கு அது. சான்றாக, விளைநில வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. உழவர் வாழ்வு கருதி அமைந்த விலக்கு அது. ஏர் பிடித்தறியாத நகரத்துச் செல்வர் ஒருவர் வரிக்காகவே நிலம் வாங்கி அவ்விலக்கினுள் ஒதுங்குவாரானால், சட்டத்தின் எழுத்து அவர் பக்கம் நிற்கும். சட்டத்தின் நோக்கம் அவர் பக்கம் நிற்குமா? இம்மூன்றாம் வகையே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

எம் வீட்டுக் கணக்கு

பிறர் கதையைக் கூறுமுன் எம் கதையைக் கூறிவிடுதல் முறை. எம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்து, துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த தொகையைக் கொண்டு செம்பூரில் சிறு வீடொன்றை எம் அன்னையார் பெயரில் வாங்கினார். அதே வீட்டில்தான் நாம் இன்றும் வாழ்கிறோம்.

மத்திய அரசு எழுத்தராகிய எமக்கு ஊதியத்தோடு வீட்டு வாடகைப்படி உண்டு. வாடகை கொடுத்து வாழ்பவர்க்கு அப்படியின்மீது வரிவிலக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வழி கூறினார்: “வீடு அம்மா பெயரில்தானே இருக்கிறது? மாதம் 14,000 ரூபாய் அம்மாவின் கணக்கில் போடுங்கள், ரசீது வாங்குங்கள். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லாததால் அவருக்கும் வரி இராது.” எம் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் மிச்சம். மகளின் பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதி அது. பெற்றோர்க்கு வாடகை கொடுக்கக் கூடாது என்று சட்டம் கூறவில்லை.

அவ்வாறே செய்தோம். முதல் தேதி பணம் அன்னையாரின் கணக்கில் ஏறும். மூன்றாம் தேதி அதை எடுத்து வந்து வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்வோம். முதல் ரசீதில் கையெழுத்திடும்போதே அன்னையார், “ஏல, பெத்த பிள்ளைகிட்ட வாடகை வாங்குனேன்னு எளுதிக் கையெளுத்துப் போடச் சொல்லுதியே, ஊர்ல கேட்டாச் சிரிக்க மாட்டாவளா?” என்றார். “ஊருக்குத் தெரியாது அம்மா, ஆபீசுக்கு மட்டும்தான்” என்று சிரித்து மழுப்பினோம்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஒரு நாள் இரவு உணவின்போது, ரசீதைக் கண்ட எம் மகள் கேட்டாள்: “ஆச்சிதான் வீட்டுக்காரங்கன்னா, காப்பித்தூள் வாங்கக்கூட ஏன்ப்பா உங்ககிட்ட தயங்கித் தயங்கிக் கேக்கறாங்க?” அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. காகிதத்தில் அவர் மாதம் 14,000 ரூபாய் வாடகை பெறும் உரிமையாளர். அடுக்களையில் கால் கிலோ காப்பித்தூளுக்கு மகனின் முகம் பார்ப்பவர். அரசை ஏமாற்றினோமா என்பது சட்ட வல்லுநர் ஆராய வேண்டிய செய்தி. அன்னையை வைத்து ஒரு பொய்யை எழுதினோம் என்பதை அறிய வல்லுநர் தேவைப்படவில்லை.

கோமகனின் தோட்டக்காரர்

உலக வரிச் சட்ட வரலாற்றில் புகழ்பெற்ற வழக்கொன்று, எம் வீட்டு ரசீதுக்கு அண்ணன் முறையாகும். இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தம் தோட்டக்காரர் முதலிய பணியாளர்க்குக் கூலி என்ற பெயரில் முழுத்தொகையைக் கொடுப்பதற்கு மாறாக, ஆண்டுத்தொகை வழங்குவதாக ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். கூலிக்கு வரிக் கழிவு கிடையாது. பத்திரப்படி கொடுத்த தொகைக்குக் கழிவு உண்டு. தோட்டக்காரரின் வேலை மாறவில்லை, பணமும் மாறவில்லை, காகிதத்தின் பெயர் மட்டுமே மாறிற்று. 1935இல் பிரபுக்கள் அவை கோமகனுக்கே வெற்றியளித்தது. தன் வரி குறையுமாறு தன் காரியங்களை அமைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்னும் கொள்கை அன்று வேரூன்றிற்று. அன்றும் அட்கின் பிரபு அதற்கு உடன்படவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1985 ஏப்ரலில், மெக்டவல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்து நீதிபதி சின்னப்ப ரெட்டி அக்கொள்கையை வன்மையாகச் சாடினார். வரி தவிர்ப்பால் ஏழை நாட்டின் கருவூலம் இழப்புறும். நாட்டின் கூர்த்த மதியினர் ஒரு சாரார் தவிர்ப்பதற்கும் மற்றொரு சாரார் தடுப்பதற்குமாக வீணாவர். தவிர்க்கத் தெரியாத எளிய குடிமகன் தோளில் அச்சுமை ஏறும் என்பது அவர் கருத்தின் சாரம். அதே அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்போ, சட்ட வரம்புக்குள் திட்டமிடுதல் தவறன்று, போலி ஏற்பாடுகளே தவறு என்று வரையறுத்தது. 2003இல் மொரீசியசு ஒப்பந்தம் பற்றிய வழக்கில் நீதிமன்றம் மீண்டும் பழைய கொள்கையின் பக்கம் சாய்ந்தது.

பின்னர் வந்தது வோடபோன் வழக்கு. 2007இல் அந்நிறுவனம் இந்தியத் தொலைபேசித் தொழிலொன்றில் ஏறத்தாழ 67 விழுக்காட்டு உரிமையை ஹட்சிசன் குழுமத்திடம் வாங்கிற்று. தொழில் இங்கே, கோபுரங்கள் இங்கே, பேசிய மக்கள் இங்கே. ஆனால் கைமாறியது கேமன் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. வரித்துறை 11,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2010இல் மும்பை உயர் நீதிமன்றம் வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. 2012 சனவரி 20 அன்று தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றிற்று. அரசு விடவில்லை, அவ்வாண்டே 1962ஆம் ஆண்டு முதல் செல்லும்படியாகச் சட்டத்தைத் திருத்தியது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்கும், 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் கண்ட தோல்விக்கும் பின்னர், 2021இல் அத்தகைய வரிக் கோரிக்கைகளைக் கைவிட்டது.

இவ்வழக்கில் எவர் பக்கம் அறம் நின்றது? இந்திய மண்ணில் விளைந்த பொருளைத் தீவில் விற்றது நேர்மை எனக் கூற நமக்கு மனம் வரவில்லை. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றிய அரசையும் பாராட்ட இயலவில்லை. இடுக்கை அடைக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் அடைப்பது நாளைக்காக இருத்தல் வேண்டும். 1996இல் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், பெரும் இலாபம் காட்டிப் பங்காதாயமும் வழங்கிக்கொண்டே வருமான வரி மட்டும் செலுத்தாதிருந்த நிறுவனங்கள்மீது குறைந்தபட்ச வரி விதித்தது நேர்வழிக்கு ஒரு சான்று.

மூன்று குரல்கள்

இவ்வகைச் செய்திகளைக் கேட்கும் நம் மக்களிடையே மூன்று குரல்கள் எழுகின்றன. “சட்டம் அனுமதிக்கிறது, பிறகென்ன?” என்பது முதற்குரல். சட்டம் என்பது ஒழுக்கத்தின் தரை, கூரையன்று. முதிய பெற்றோரிடம் நாள்தோறும் பேச வேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. அதனால் பேசாதிருத்தல் அறமாகிவிடுமா?

“கொடுக்கும் வரியெல்லாம் எங்கே போகிறது? மழை வந்தால் சாலை குழியாகிறது” என்பது இரண்டாம் குரல். இதில் உண்மை இல்லாமற் போகவில்லை. 1973-74இல் மிக உயர்ந்த வருமானத்தின் உச்ச வரி மிகைவரியோடு சேர்ந்து 97.75 விழுக்காடு வரை எட்டிற்று. நூறில் இரண்டேகால் ரூபாயை மட்டும் விட்டுவைக்கும் சட்டம் நேர்மையை வளர்க்குமா? அளவறிந்து வரி கொள்ளாத அரசு வயலில் புகுந்த யானையைப் போன்றது என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுறுத்தினார். தின்பதினும் மிதிப்பது மிகுதி என்பது அப்புறநானூற்றுப் புலவரின் எச்சரிக்கை. எனினும் யானை மிதிக்கிறது என்பதற்காக, வேலியோரத்து வயலுடையான் தன் பங்கை மறைத்துவிட்டால், யானையின் பசி குறைவதில்லை; அடுத்தவன் வயல் கூடுதலாக அழிகிறது.

“பெரியவன் செய்தால் திட்டமிடல், சிறியவன் செய்தால் திருட்டு” என்பது மூன்றாம் குரல். ஆனால் இதைச் சொல்பவரே, தம் உறவினர் ஒருவர் தந்திரமாய் வரி தவிர்த்தால், ‘பிழைக்கத் தெரிந்தவர்’ என்று மெச்சுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். நிறுவனத்தைப் பழிக்கும் நாக்கே மைத்துனரைப் புகழ்கிறது. இம்முரணை முதலில் எம்மிடமே கண்டோம்.

தவிர்க்க இயலாதவர்

வரி தவிர்ப்பில் மிக உறுத்துவது ஒன்றுண்டு. அது எல்லார்க்கும் சட்டப்படி திறந்திருக்கிறது. ஆனால் சிலர்க்கே எட்டுகிறது. தாராவியில் தோல்பை தைக்கும் தொழிலாளி வருமான வரி கட்டுவதில்லை என்று நம்மில் சிலர் ஏளனமாகக் கூறுவர். அவர் வாங்கும் சோப்பிலும், செருப்பிலும், கைப்பேசிக் கட்டணத்திலும் சரக்கு-சேவை வரி கலந்தே இருக்கிறது. 2017 சூலை முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள அவ்வரியைத் தவிர்க்க அவருக்குக் கணக்காளரும் இல்லை, தீவும் இல்லை. மாதச் சம்பளக்காரர்க்கோ ஊதியம் கைக்கு வருமுன்னரே வரி பிடிக்கப்படுகிறது. வல்லார் தவிர்த்த சுமை மாயமாய் மறைவதில்லை. இவர்கள் தோளுக்கே இடம் மாறுகிறது.

2017 ஏப்ரல் முதல் செயற்பட்டு வரும் பொதுத் தவிர்ப்புத் தடுப்பு விதிகள், வரிப்பயனையே முதன்மை நோக்கமாகக் கொண்ட உள்ளீடற்ற ஏற்பாடுகளைப் புறக்கணிக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றன. ஆயினும் வரிப்பயன் 3 கோடி ரூபாயைத் தாண்டினால்தான் அவ்விதி எழும். எம் வீட்டு ரசீதைத் தேடி அது ஒருநாளும் வராது. அங்கே மனச்சான்று மட்டுமே வரக்கூடும்.

எம் முடிவு

மகளின் வினாவுக்குப் பின் எம்முன் இரண்டு நேர்வழிகள் இருந்தன. அன்னையார்க்கு உண்மையாகவே வாடகை கொடுத்து, அப்பணத்தை அவரிடமே விட்டுவிடுதல் ஒன்று. ரசீது அப்போது மெய்யாகிவிடும். விலக்குக் கோருவதிலும் பிழையிராது. ஆனால் 20,000 மிச்சம் பிடிக்க ஆண்டுக்கு 1,68,000 ரூபாயை உண்மையாகவே கொடுத்தாக வேண்டும். எம் ஊதியம் அதற்கு இடம் தரவில்லை. விலக்குக் கோருவதை விட்டுவிடுதல் மற்றொன்று. அதையே செய்தோம். இல்லத்தரசியார்க்கு அவ்வாண்டு வருத்தமே, மறைப்பானேன்? மகளின் கட்டணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க நேர்ந்தது. அதோடு, மாதம் 2,000 ரூபாயை அன்னையார் கையில், எதற்கென்று கேளாமல் கொடுத்து வருகிறோம். அதற்கு ரசீது இல்லை.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் எழுதிய ரசீதுகள் எழுதியவையே. ஆனால் அதனால் ஓர் அளவுகோல் கிடைத்தது. நாம் வரிக்காகச் செய்யும் ஏற்பாட்டை, அச்சட்டத்தை இயற்றியவரிடமும், நம் வீட்டுக் குழந்தையிடமும் கூசாமல் விளக்கிக் கூற முடியுமானால் அது வாயில். ஒருவரிடமேனும் கூற நாக் கூசுமானால் அது இடுக்கு. தனிமனிதர்க்கும் இது பொருந்தும். கேமன் தீவு வரை செல்லும் நிறுவனத்துக்கும் பொருந்தும்.

குலோத்துங்கன் தவிர்த்த சுங்கத்தின் சுமையை அரசு தானே தாங்கிக்கொண்டது. அதனால் அது புகழாயிற்று. நாம் தவிர்க்கும் வரியை எவர் தாங்குகிறார்? இவ்வொரு வினாவை ஆண்டுக்கொரு முறை, படிவத்தில் கையெழுத்திடுமுன், நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.