அரம் எடு, அப்புறம் கயிற்றை இழு!

"நம்மால் அதெல்லாம் ஆகாது" என்று முனகிக்கொண்டு, மரம் அறுக்கும் பெரிய செயின்சா மெஷின் ஓடுவதை ஓரமாக நின்று பார்க்கிறாயே தம்பி, உன்னோடுதான் பேச வந்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் தரையோடு படுத்திருந்தன. லட்சக்கணக்கான தென்னைகள்! சாலையை மறித்த மரம் அகன்றால்தான் ஆம்புலன்ஸ் வரும், குடிநீர் லாரி வரும். அப்படிப்பட்ட காலையில் ஊர் யாரைத் தேடும்? மெஷின் வைத்திருப்பவனை அல்ல, அதை ஓட்டத் தெரிந்தவனை. அந்த ஆளாக நீ ஏன் இருக்கக் கூடாது?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். 90 சிசி எஞ்சின், செயின் சுற்றி ஓடும் மூன்றடி பார், செயின், எரிபொருள் எல்லாம் சேர்ந்தால் எடை 10 கிலோவைத் தொடும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் பாயும். பார் முனையின் மேல்பாதி ஒரு கிளையில் இடித்தால் போதும், மெஷின் உன் முகத்தைப் பார்த்து எகிறும். நீ சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதற்குப் பயப்படாதவனை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை வெறுங்கையோடு விடாதே. அதற்கு வேலை கொடு! முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற செயின் பிரேக்கைக் காலையில் சோதி. இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கட்டும். முனை எங்கே இருக்கிறது என்பதைக் கண் மறக்காதிருக்கட்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே.

லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு ஒருவன் மெஷினைத் தூக்கினால் அதை வீரம் என்று கைதட்டுகிறோமே, எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். வெட்டுத் தாங்கும் கால்சட்டை என்று ஒன்று உண்டு. செயின் பட்டதும் அதன் உள்ளிழைகள் உருவி வந்து பல்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். அதை வாங்கு. தலைக்கவசம், முகவலை, காதுமூடி, கனமான பூட்ஸ், எல்லாம் வாங்கு. கேலி செய்கிறவன் உன் காலுக்குத் தையல் போட வரப்போவதில்லை!

இனி கூர். இந்தத் தொழிலின் பாதி இங்கேதான் இருக்கிறது. மழுங்கிய செயின் மாவு மாதிரித் தூள் கொட்டும்; கூரான செயின் சீவல் சீவலாக எறியும். தூளைப் பார்த்ததும் மெஷின் மேல் ஏறி அழுத்துகிறவன் கையைக் கெடுத்து, பாரைச் சூடாக்கி, கடைசியில் "மெஷின் சரியில்லை" என்பான். நீ நிறுத்து. எஞ்சினை அணை. உருண்டை அரத்தை எடு. எந்தச் செயினுக்கு எத்தனை மில்லிமீட்டர் அரம் என்பது அதன் பெட்டியிலேயே இருக்கும். பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி சாய்வு. உள்ளிருந்து வெளியே தள்ளி ராவு, திரும்பும்போது அரத்தைத் தூக்கு. ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணி அதே தடவை. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் குட்டையானால் வெட்டு வளைந்து ஓடும். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. அதுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது. பல் தேயத் தேய அதையும் அளவு வைத்துத் தட்டை அரத்தால் தாழ்த்த வேண்டும். கண்ணளவில் கை வைத்து நிறையத் தாழ்த்தினால் மெஷின் குதிக்கும். தென்னையின் வெளிப்பக்கம் இரும்புபோல் கடினம், விழுந்த மரத்திலோ மண் ஒட்டியிருக்கும்; அங்கே கூர் சீக்கிரம் மழுங்கும், அரத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்.

இந்தப் பல் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1946இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி ஒரு கட்டையில் வண்டுப்புழு ஒன்றைக் கண்டார். அது இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து, இழை எந்தத் திசையில் ஓடினாலும் லாகவமாகத் தின்றுகொண்டு போனது. அதுவரை இருந்த செயின்கள் மரத்தைச் சுரண்டின. ஓயாமல் ராவ வேண்டியிருந்தது. அவர் புழுவின் தாடையை எஃகில் செய்து பார்த்தார். மறு ஆண்டே செயின் கம்பெனி தொடங்கினார். இன்று உலகமெங்கும் ஓடும் செயின்களுக்கு அதுவே மூலம். மரம் வெட்டுகிற கூலிக்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்!

மற்றவை பழக்கத்தில் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில், அல்லது உன் மெஷின் புத்தகம் சொல்லும் அளவு. தினமும் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய். பார் ஒரே பக்கம் தேயாமல் இருக்கத் திருப்பிப் போடு. சூடான செயினை இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்து. ஆறும்போது சுருங்கிப் பாரை நெரிக்கும்.

நிற்கிற மரம் என்றால் முதலில் அண்ணாந்து பார்: சாய்வு, காய்ந்த கிளை, மின்கம்பி. கம்பி இருந்தால் மின்வாரியத்தைக் கூப்பிடு, கை வைக்காதே. பின்பக்கம் சாய்கோணத்தில் ஓடும் வழியைச் சுத்தம் செய். மரம் விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் அறுக்கிற பின்வெட்டைக் கடைசிவரை கொண்டுபோகாதே. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்கட்டும், மரத்தைத் திருப்பி விழவைக்கும் கீல் அதுதான். புயலில் வேரோடு சாய்ந்த மரம் இன்னும் பொல்லாதது. தண்டை அறுத்ததும் வேர்ப்பக்கம் படாரென்று நிமிரும். வேர் பெயர்ந்த குழிக்குள் ஆள் நிற்கக் கூடாது, குழந்தைகள் கிட்டவே வரக் கூடாது.

"இது நம் வேலை இல்லை" என்று ஒரு மரத்தைப் பார்த்து நீ சொல்லிவிட்டுத் திரும்பினாலும் நான் உன்னைக் கோழை என்று சொல்ல மாட்டேன். பழகாமலேயே ஆகாது என்றால்தான் சொல்வேன்.

தெரிந்த மெக்கானிக்கிடம் போய்த் தேய்ந்த செயின் ஒன்றைக் கேள். குப்பையில் போடுவதைத் தருவார். ஒரு அரம் வாங்கு. இன்று மாலையே முதல் பல்லை ராவத் தொடங்கு!