மோட்டார் ஆசிரியருக்கு ஓட்டுப் போடலாமா?



பிரிட்டனில் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு வருஷந்தோறும் விருது வழங்கும் வழக்கம் உண்டு. சில விருதுகளுக்கு ஓட்டெடுப்பும் நடக்கிறது. பங்குப் பத்திரிகையில் மோட்டார் சமாசாரம் எதற்கு என்று கேளாதீர்கள். விஷயம் புகழைப் பற்றியது.

நன்றி சொல்வது நற்குணமன்றோ? மெய்தான். ஆனால் நன்றி வேறு, தீர்ப்பு வேறு. ஓட்டுப் போடும் மாணவன் நேற்றுத்தான் பரீட்சையில் தேறியவன். ஆசிரியர் இன்முகமாய்ப் பேசினார், நேரந்தவறாமல் வந்தார் என்பதே அவன் அறிந்தது. மழை பெய்யும் இரவில், அருகே எவருமில்லாதபோது, ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அவன் கால் பிரேக்கைத் தேடுமா? ஆசிரியரின் வேலைக்கு அதுவே சாட்சி. அது தெரிய வருஷங்கள் செல்லும். உயிர் தப்பிய குழந்தையோ யாருக்கும் ஓட்டுப் போடப்போவதில்லை.

அந்நாட்டில் 1935-லேயே ஓட்டுநர் பரீட்சை கட்டாயமாயிற்று. கூலி வாங்கிக் கற்பிப்பவர் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தே ஆகவேண்டும் என்ற விதியோ 1970-ல்தான் வந்தது. இன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறையேனும் பரிசோதகர் ஒருவர் பாடம் நடக்கும்போதே காரில் உட்கார்ந்து கவனிக்கிறார். 17 அம்சங்கள், 51 மதிப்பெண். 43 வாங்கினால் முதல் தரம். அபாயத்தைச் சமாளிக்கும் பகுதிக்கு 15 மதிப்பெண். அதில் 7-க்கு மேல் பெறாதவர், மற்றவற்றில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோற்றவரே. இதுவும் குறைவற்ற முறையல்ல. ஒரு மணி நேரம் ஒழுங்காயிருக்க யாராலும் முடியும்! ஆயினும் எதைப் பார்க்கவேண்டும் என்று அறிந்தவர் பார்க்கிறார்.

மரியாதை பெறுகிறவனைவிடத் தருகிறவரையே சார்ந்தது என்று அரிஸ்டாட்டில் கண்டார். தாங்கள் நல்லவர்களே என்று தங்களுக்கே நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் மனிதர் அதைத் தேடுகிறார்கள் என்பதும் அவர் கருத்து. அறியாதவர் தரும் நிச்சயம் எம்மட்டு? ஓட்டுக் கணக்கில் பத்துப் பேருக்குக் கற்பித்தவர் நூறு பேருக்குக் கற்பித்தவரை வெல்வது எப்படி?

கேளாமல் வரும் பரிசை ஒருவர் வாங்கிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. மாணவரிடமே ஓட்டுக் கேட்பதுதான் உறுத்துகிறது. அடுத்த வாரம் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை, தன்னைத் தயார் செய்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்லத் துணியுமா?

அங்கே பரீட்சைக்குப் போகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தவறிவிடுகிறார்கள். ஆகவே மனச்சாட்சியுள்ள ஆசிரியர் சில சமயம், “நீ இன்னும் தயாராகவில்லை, நாளைத் தள்ளிப் போடு” என்று சொல்ல நேரிடும். பணம் கட்டி மாதக்கணக்காய்க் காத்திருந்த பையன் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறான். அந்த வாரம் ஓட்டுச் சீட்டு வந்தால் அவன் யார் பெயரை எழுதுவான்?