ஐந்து நெகடிவ்கள்

என் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. அத்தையும் மாமாவும் அருகருகே நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு இருபத்தெட்டு வயது. அத்தைக்கோ நாற்பதுக்குக் குறையாது. உண்மையில் மாமா அவளைவிட எட்டு வயது பெரியவர். அற்பாயுசில் போய்விட்டார். இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை.

இருபது வருஷம் கழித்து ஒரு ஸ்டூடியோக்காரர், ஆபீஸ் குரூப் போட்டோவிலிருந்து மாமாவை மட்டும் பிரித்தெடுத்து, அத்தையைத் தனியாகப் படம் பிடித்து, இருட்டறையில் இருவரையும் ஒரே காகிதத்தில் சேர்த்துக் கொடுத்தார். அன்று அத்தைக்குத் துணையாகப் போனவன் நான். படத்தை வாங்க மறுபடி போனபோது பார்த்தால், வெறுமையாக இருந்த நெற்றியில் தூரிகையால் ஒரு பொட்டும் வைத்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை, அவராக வைத்தது. அத்தை வெகுநேரம் பார்த்தாள். அழித்துவிடச் சொல்லவில்லை.

அந்தப் படம் பொய்தானா என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

காமிரா பொய் சொல்லாது என்பார்கள். பாவம், அது எதையுமே சொல்வதில்லை. சொல்கிறவன் இருட்டறைக்குள் இருக்கிறான். இந்த வேலை நேற்று வந்ததும் அல்ல. 1858-இல் ஹென்றி பீச் ராபின்ஸன் என்ற ஆங்கிலேயர் ‘ஃபேடிங் அவே’ என்று ஒரு படம் வெளியிட்டார். க்ஷயரோகத்தில் மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண். பக்கத்தில் இரண்டு பெண்கள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே மேகங்களைப் பார்த்து நிற்கும் ஓர் ஆண். அந்த முதுகில் இருக்கும் துக்கம் முகங்களில்கூட இல்லை என்பது என் அபிப்பிராயம்.

படம் ஐந்து நெகடிவ்களால் ஆனது. அறைக்குள் இருக்கும் மங்கிய வெளிச்சத்தையும் வெளியே இருக்கும் வானத்தையும் அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு ஒன்றிலேயே சரியாகப் பிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, ஒரே காகிதத்தில் மற்றப் பகுதிகளை மறைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்தார். ஒட்டுத் தெரியாமல் செய்வதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

படத்தைப் பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். சாவுப் படுக்கையை ஓவியன் தீட்டினால் சரி. காமிராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகலாமா என்பது அவர்கள் கட்சி. ஆனால் யாரும் சாகவில்லை. படுத்திருந்தவள் நல்ல ஆரோக்கியமான பெண், நடித்தாள். அதைச் சொன்னதும், இப்படி ஒட்டுப்போட்டதைப் புகைப்படம் என்று சொல்லலாமா என்று வேறு சிலர் கிளம்பினார்கள். நிஜம் என்று நினைத்தால் அநாகரிகம், நிஜமில்லை என்று தெரிந்தால் மோசடி! மனுஷன் என்னதான் செய்வான்?

நான் ராபின்ஸன் பக்கம். நான் செய்வதும் அதுதானே? ஒருத்தியின் நடை, இன்னொருத்தியின் பேச்சு, எங்கேயோ ரயிலில் பார்த்த ஒருத்தியின் அழுகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெண்ணை உண்டாக்குகிறேன். அவள் செத்தால் வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். யாரும் என்னை மோசக்காரன் என்று சொல்வதில்லை. அட்டையிலேயே ‘நாவல்’ என்று போட்டிருக்கிறது. ராபின்ஸனும் தம் வேலையை மறைக்கவில்லை.

மறைத்தவர்கள் உண்டு. யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கர் பெரிய கலைஞர். ஒரு பிரதிக்காக நாள்கணக்கில் இருட்டறையில் கிடப்பவர். ஆப்பிரிக்காவில் லம்பரேனே என்ற ஊரில் ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்ஸரைப் படமெடுத்து, 1954-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வெளியிட்டார். அதில் ஒரு படத்தின் கீழ்மூலையில் ஒரு ரம்பத்தின் கைப்பிடியும் நிழலாக ஒரு கையும் தெரியும். இரண்டும் வேறொரு நெகடிவிலிருந்து வந்தவை. வெகுகாலம் கழித்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கட்டட வேலை நடந்த இடத்தில் ரம்பம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. பத்திரிகையை வாங்கியவன் ‘இதை ஒருவர் கண்ணால் கண்டார்’ என்று நம்பித்தான் பக்கத்தைப் புரட்டினான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றைக்குக் கைபேசியிலேயே இந்த வித்தை நொடியில் முடிந்துவிடுகிறது. இருட்டறையும் வேண்டாம், டெவலப்பர் நாற்றமும் வேண்டாம். ஆனால் கேள்வி மாறவில்லை. எதை வேண்டுமானாலும் எதனோடும் சேர்த்துக்கொள். சேர்த்தேன் என்று சொல்லிவிடு. இப்படி ஒரு நியாயம் வகுத்துக்கொண்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஒருநாள் அத்தையின் பேரன் நாற்காலிமேல் ஏறி நின்று அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தான்.

“பாட்டி, நீ தாத்தாவைவிடப் பெரியவளா?”

அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வெளிச்சம் சரியில்லைடா. அன்னைக்கு ஒரே மேகமூட்டம்” என்றாள்.

பையன் நம்பவில்லை போலிருக்கிறது. திரும்பி என்னைப் பார்த்தான். அத்தையின் கை அரிசியின்மேல் அசையாமல் நின்றது.

“ஆமாண்டா, நானும் கூடப் போயிருந்தேன். நல்ல மேகம்” என்றேன்.